பழைய காரின் வயரிங்: 12 வோல்ட் எங்கே தொலைகிறது?

பெயிண்ட் அடித்தாயிற்று. இன்ஜினை இறக்கி ஏற்றியாயிற்று. சீட்டுக்குப் புதுத் தோல் தைத்தாயிற்று. கடைசியாக பேட்டரியை மாட்டி இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால், பின்பக்கச் சிவப்பு விளக்கும் சேர்ந்து கண்ணடிக்கிறது. ஹெட்லைட் மஞ்சளாக அழுகிறது. பாதி டேங்க் பெட்ரோலுக்கு முள் முக்காலைத் தாண்டி நிற்கிறது. இந்த நேரத்தில் யாராவது வந்து, "வயரிங் மொத்தமும் போச்சு, புது ஹார்னஸ் போட்டுடு" என்று சொல்வார்கள் (ஹார்னஸ் என்றால் காரின் மொத்த வயர் கட்டு). இரண்டு நாளாவது அதைக் காதில் வாங்காதீர்கள்.

மேலே சொன்ன மூன்று கோளாறுகளும் ஒரே காரில் வரலாம், ஆனாலும் அதில் கெட்டுப்போன பொருள் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். பழைய காரின் மின்கோளாறை "கரண்ட் வருதா, வரலையா" என்று தேடினால் பாதி நேரம் ஏமாந்து போவோம். பேட்டரியில் இருக்கும் 12 வோல்ட்டும் பல்பில்தான் செலவாக வேண்டும். வழியில் வேறு எங்கே செலவாகிறது என்று தேடுவதுதான் வேலை. இந்த வழிகாட்டி முழுக்க அந்தத் தேடல்தான்.

முதலில், உங்கள் கார் எந்த ஜாதி?

கையில் ஸ்பேனர் எடுப்பதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: எத்தனை வோல்ட், பேட்டரியின் எந்த முனை எர்த் (மின்சாரம் திரும்பும் வழியாகப் பாடியோடு இணைந்திருப்பது), எந்த நாட்டு வண்ண முறை.

அமெரிக்க கார்கள் பெரும்பாலும் 1950களின் நடுப்பகுதியில் 6 வோல்ட்டிலிருந்து 12க்கு மாறின. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் 6 வோல்ட்டில் ஓடியது. 6 வோல்ட் காரில் அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும். 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் தொலைந்தால் லேசான மங்கல்தான், 6 வோல்ட்டில் அதே ஒரு வோல்ட் ஆறில் ஒரு பங்கு. அதனால் அந்த கார்களில் இணைப்புகளின் சுத்தம் இன்னும் முக்கியம்.

பழைய பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். எம்.ஜி.பி. கார் 1967 வரை அப்படித்தான் வந்தது. இடையில் யாராவது மாற்றியும் வைத்திருக்கலாம். புத்தகத்தை மட்டும் நம்பாமல், பாடிக்குப் போகும் தடித்த வயர் பேட்டரியின் எந்த முனையிலிருந்து கிளம்புகிறது என்று கண்ணால் பாருங்கள். தவறாக மாட்டினால் பல்பும் ஹார்னும் கண்டுகொள்ளாது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் ரேடியோவும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் நொடியில் போய்விடும்.

அடுத்தது நிறம். மின்பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் முறையைப் பின்பற்றிய பிரிட்டிஷ் கார்களில் பழுப்பு என்றால் ஃபியூஸே இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம். வெள்ளை இக்னிஷன் சாவி போட்டதும் வருவது. பச்சை அதே வெள்ளை ஃபியூஸைத் தாண்டி வருவது. ஊதா ஃபியூஸோடு எப்போதும் உயிராக இருப்பது. சிவப்பு பார்க்கிங் விளக்கு, நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். ஜெர்மன் காரில் பழுப்புதான் எர்த்! கறுப்பு சாவிக்குப் பின் வரும் மின்சாரம், சிவப்பு நேரடி பேட்டரி. ஒரு முறையில் பழகிய கை இன்னொன்றில் பழுப்பைப் பாடியில் முடுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மன் கார்களில் நிறத்தைவிட முனையில் பொறித்திருக்கும் எண்தான் துணை: 30 நேரடி பேட்டரி, 15 சாவிக்குப் பின், 31 எர்த், 50 செல்ஃப் மோட்டார், 56a பிரைட், 56b டிம், 58 பார்க்கிங்.

இதெல்லாம் முந்தைய சொந்தக்காரர் கை வைக்காத வரைதான் உண்மை. கையில் கிடைத்த மஞ்சள் வயரை வைத்து பிரேக் லைட்டுக்கு ஒட்டுப் போட்டிருப்பார். அதனால் வயரிங் வரைபடத்தைப் பெரிதாக நகலெடுத்து, நிஜத்தில் இருப்பதைச் சிவப்புப் பேனாவால் அதன் மேலேயே திருத்திக்கொண்டே போங்கள். எதையும் கழற்றுவதற்கு முன் போட்டோவும் எடுத்துவிடுங்கள்.

கருவிகள்: மல்டிமீட்டர் மட்டும் போதாது

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, டெஸ்ட் லேம்ப் (கூர்முனையும் கிளிப்பும் வைத்த சின்ன பல்பு) ஒன்று, இரண்டு பக்கமும் கிளிப் வைத்து நடுவில் 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட நீள வயர் ஒன்று. இவற்றோடு, பிரேக் லைட்டுக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்றும் ஹெட்லைட் பல்பு ஒன்றும் எடுத்து, இரண்டிலும் வயர் பற்றவைத்து கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள். பல ஆயிரம் பெறும் எந்தக் கருவியைவிடவும் இந்த இரண்டு பல்புகள் உங்களுக்கு அதிகம் உழைக்கும்.

டெஸ்ட் லேம்ப் எதற்கு? மல்டிமீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே இழுக்காது. வயரின் உள்ளே முப்பது இழையில் இருபத்தொன்பது அறுந்து, ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் அது 12.5 வோல்ட் என்று கூசாமல் காட்டும். டெஸ்ட் லேம்ப் கொஞ்சமாவது ஆம்பியர் கேட்கும். அந்த ஒற்றை இழையால் கொடுக்க முடியாதபோது மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் தடவை பேட்டரி மாட்டும்போது

எந்த வேலைக்கும் பேட்டரியில் முதலில் கழற்ற வேண்டியது எர்த் முனை, கடைசியில் மாட்ட வேண்டியதும் அதுதான். "நெகட்டிவை முதலில் கழற்று" என்று பாடம் செய்து வைத்திருந்தால் பாசிட்டிவ் எர்த் காரில் தப்பாகிவிடும். ஸ்பேனர் வழுக்கி பாடியில் பட்டாலும் தீப்பொறி வரக்கூடாது, அதுதான் காரணம். பக்கத்தில் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜனுக்கு ஒரு சின்னப் பொறி போதும்.

நீண்ட நாளைக்குப் பின் மாட்டும்போது எர்த் வயரை நேராக முடுக்காதீர்கள். பேட்டரி முனைக்கும் எர்த் வயருக்கும் நடுவே அந்த 21 வாட் பல்பைக் கிளிப் போடுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்து, கதவுகள் மூடி, சாவி இல்லாமல் இருக்கட்டும். பல்பு எரியவில்லை என்றால் நல்ல சகுனம். பளிச்சென்று எரிந்தால் சுவிட்சுகளுக்கு முன்னாலேயே எங்கோ ஷார்ட். ஆனால் பல்பு நடுவில் இருப்பதால் இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓடாது, வயர் எரியாது, நீங்கள் டீ குடித்துக்கொண்டே தேடலாம். மங்கலாக எரிந்தால் ஏதோ ஒன்று இழுக்கிறது. உள்விளக்கா, கடிகாரமா என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள்.

அப்புறம் பார்க்கிங் விளக்கு, இண்டிகேட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். விளக்குகள் மங்கலாகத்தான் எரியும், அது சரியே. செல்ஃபை மட்டும் தொடாதீர்கள். எல்லாம் ஒழுங்கு என்று தெரிந்த பிறகு பல்பை எடுத்துவிட்டு முனையை முடுக்குங்கள்.

பேட்டரியையும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய டைனமோ வைத்த காரில் ஐட்லிங்கில் அது வராது, ரேஸ் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் டாஷ்போர்டின் சார்ஜிங் எச்சரிக்கை விளக்கு மினுக்குவதைப் பார்த்து டைனமோவைக் கழற்றியவர்கள் நிறையப் பேர்.

வோல்ட் எங்கே போகிறது: ஒரு ஹெட்லைட்டைப் பின்தொடர்வோம்

மங்கலான ஹெட்லைட்டை எடுத்துக்கொள்வோம். விளக்கைப் போட்டுவிட்டு அளக்க வேண்டும். மின்சாரம் ஓடாதபோது இழப்பும் தெரியாது.

பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தால் 12.4. ஹெட்லைட் பல்பின் பின்னால், அதன் இரண்டு முனையிலும் வைத்தால் 10.3. ஆக 2.1 வோல்ட் வழியில் தொலைந்திருக்கிறது. வெளிச்சம் வோல்ட்டின் அளவுக்கு மட்டும் குறையாது, அதைவிட மிக வேகமாகக் குறையும். 10 சதவீத வோல்ட் இழப்பே 30 சதவீத வெளிச்சத்தைத் தின்றுவிடும். இந்தக் காரில் கிட்டத்தட்ட பாதி வெளிச்சம் போய்விட்டது.

இப்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் உயிர் முனையிலும் (எர்த் அல்லாத முனை), மற்றொன்றை பல்பின் உயிர் முனையிலும் வையுங்கள். இரண்டும் ஒரே வயரின் இரு நுனிகள்தான், அதனால் பூஜ்யம் வர வேண்டும். 1.2 வருகிறது என்றால் அது போகும் வழியில் தொலைந்தது. அடுத்து பேட்டரியின் எர்த் முனைக்கும் பல்பின் எர்த் முனைக்கும் நடுவே அளந்தால் 0.9. திரும்பும் வழியில் தொலைந்தது அது. 1.2, 0.9, 10.3 மூன்றையும் கூட்டினால் 12.4. கணக்கு தீர்ந்தது.

இனி 1.2-ஐத் துண்டு போடுவோம். பேட்டரியில் ஒரு முனையை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதை ஒவ்வொரு நிறுத்தமாக நகர்த்துங்கள். லைட் சுவிட்சுக்குள் நுழையும் இடத்தில் 0.1. வெளியேறும் இடத்தில் 0.8. ஆக சுவிட்சுக்குள்ளேயே 0.7 போகிறது. அதன் தொடுமுனை கருகியிருக்கிறது. டிம் சுவிட்சைத் தாண்டியதும் 0.9, கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் புல்லட் இணைப்பை (குண்டு வடிவ முனையைக் குழாய்க்குள் செருகும் இணைப்பு) தாண்டியதும் 1.2. அந்த இணைப்பின் ரப்பர் உறையை உரித்துப் பாருங்கள், உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

ஒரு நல்ல இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் தொலையக்கூடாது. போகும் வழி மொத்தமும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன், எர்த் பக்கம் 0.2 வரை.

ஓம் அளவில் வைத்து ஏன் பார்க்கக்கூடாது என்று கேட்கலாம். 55 வாட் பல்பு இழுப்பது 4.6 ஆம்பியர். வழியில் கால் ஓம் இருந்தாலே ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். சாதாரண மீட்டருக்குக் கால் ஓம் என்பது அதன் சொந்த வயரின் தடைக்குள்ளேயே மறைந்துவிடும் அளவு. செல்ஃப் மோட்டாரில் 150 ஆம்பியர் ஓடும்போது 0.01 ஓம் போதும், ஒன்றரை வோல்ட் காலி. ஓம் மீட்டர் அறுந்த வயரைக் கண்டுபிடிக்கும், நலிந்த வயரைக் கண்டுபிடிக்காது.

சுவிட்ச் பிரச்சினைக்கு ஒரு நிரந்தர வழியும் உண்டு: ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-க்கு, 87-லிருந்து விளக்குக்கு. பழைய சுவிட்ச் 85, 86 முனைகளை மட்டும் இயக்கினால் போதும். அசல் தோற்றம் கெடும் என்று தயங்குபவர்களுக்கு நான் சொல்வது: அந்த சுவிட்ச் இனிமேல் கிடைக்காது, ரிலேயை ஃபெண்டருக்குள் மறைத்துவிடலாம்.

எர்த்: புது பெயிண்டின் விலை

ரெஸ்டோரேஷன் முடிந்த காருக்கென்றே ஒரு நோய் உண்டு. பழைய துருப்பிடித்த பாடியில் அறுபது வருடம் ஒழுங்காக எரிந்த விளக்கு, புதுசாக்கியதும் எரியாது. காரணம் பெயிண்ட். விளக்கின் எர்த் அதன் திருகு வழியாகப் பாடிக்குப் போகிறது. நாம் அந்த இடத்தில் பிரைமர், பெயிண்ட், லேக்கர் என்று மூன்று இன்சுலேஷன் பூசியிருக்கிறோம். பவுடர் கோட்டிங் இன்னும் மோசம்.

நான் வாங்கிய பாடம் ஒன்று. இன்ஜின் மெதுவாகச் சுற்றியது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ் மாற்றினேன். அப்போதும் அதே கதை. மறுபடி கழற்றினேன். மூன்றாம் தடவை சாவியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சோக் குமிழில் விரல் பட்டது, சுட்டது. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை நானேதான் பளபளப்பான புது பெயிண்டின் மேல் முடுக்கி வைத்திருந்தேன். செல்ஃப் மோட்டாரின் மொத்த ஆம்பியரும் வேறு வழியில்லாமல், டாஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய சோக் கேபிள் வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தது. இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது, அந்தப் பட்டை ஒன்றுதான் அதற்கு எர்த்.

சரி செய்வது எளிது. எர்த் முடுக்கும் இடத்தில் ஒரு நாணய அளவுக்கு உப்புத்தாளால் வெறும் தகடு தெரியும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்குங்கள். முடுக்கிய பிறகு மேலே கிரீஸோ வாசலினோ தடவினால் துரு வராது.

முதலில் சொன்ன கண்ணடிக்கும் விளக்குக்கு வருவோம். பின்விளக்கு பல்பில் பெரும்பாலும் இரண்டு இழைகள் இருக்கும்: பிரேக்குக்கு 21 வாட், பார்க்கிங்குக்கு 5 வாட். இரண்டுக்கும் திரும்பும் வழி பல்பின் பித்தளைக் கூடு ஒன்றுதான். கூட்டுக்கு எர்த் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை மிதித்தால் மின்சாரம் 21 வாட் இழை வழியாகக் கூட்டுக்கு வருகிறது, முட்டுச்சந்து. உடனே 5 வாட் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, பார்க்கிங் வயரில் ஏறி, மறுபக்க விளக்கு, முன்விளக்கு, டாஷ்போர்டு விளக்கு என்று போய் அங்கே இருக்கும் நல்ல எர்த்தில் இறங்குகிறது. பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டு மினுக்குகிறது என்ற மாயத்தின் ரகசியம் இதுதான். பார்க்கிங் விளக்கையும் போட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் 12 வோல்ட், ஓட இடமில்லை, அந்த விளக்கு முழுசாகவே அணைந்துவிடும். இண்டிகேட்டரும் அதே கூட்டின் எர்த்தைப் பங்கிட்டால் அதுவும் இதே கூத்தை ஆடும்.

சந்தேகம் வந்தால் உங்கள் கிளிப் வயரை எடுத்து விளக்கின் உலோகப் பகுதிக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நேராகப் போடுங்கள். விளக்கு ஒழுங்கானால் தேடல் முடிந்தது. பல்பு, சுவிட்ச், ஃபிளாஷர் (இண்டிகேட்டரைத் துடிக்க வைக்கும் பாகம்) எதையும் வாங்க வேண்டாம்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

ஃபியூஸ்களை வரிசையாக எரித்துத் தேடாதீர்கள். எரிந்த ஃபியூஸ் இருந்த இடத்தில் அந்த ஹெட்லைட் பல்பைக் கிளிப் போடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளீரென எரியும். இனி அந்தப் பாதையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், வயர் கட்டைக் கையால் அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பல்பு மங்குகிறதோ அணைகிறதோ, அங்கேதான் வயர் உரசுகிறது. தகட்டில் துளை போட்டு வயர் நுழையும் இடங்களில் ரப்பர் வளையம் போட மறந்திருந்தால் முதலில் அங்கே பாருங்கள். டிக்கி மூடியின் கீல், ஸ்டியரிங் தண்டு, கார்பெட்டை இறுக்கும் திருகு, இவையும் வழக்கமான குற்றவாளிகள்.

ஃபியூஸ் அளவில் ஒரு கண்ணி உண்டு. பழைய லூகாஸ் ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால் அது எரியும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்று கிடைக்கும் ஃபியூஸில் போட்டிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. 35-க்கு 35 என்று வாங்கிப் போட்டால் ஃபியூஸ் பிழைக்கும், வயர் எரியும். 15 அல்லது 20 போடுங்கள். ஃபியூஸே இல்லாத அந்தப் பழுப்பு வயருக்கும் பேட்டரி பக்கத்தில் ஒரு பெரிய ஃபியூஸ் சேர்ப்பதை நான் கட்டாயம் என்பேன். டாஷ்போர்டில் அம்மீட்டர் இருந்தால் காரின் மொத்த மின்சாரமும் அதன் பின்னால் இருக்கும் இரண்டு நட்டுகள் வழியாக ஓடுகிறது. அவை தளர்ந்திருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

இரவில் இறங்கும் பேட்டரி

எர்த் முனையைக் கழற்றி, நடுவே மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துப் பாருங்கள். கடிகாரமோ ரேடியோ நினைவகமோ இல்லாத பழைய காரில் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். நூறு மில்லி ஆம்பியர் வந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எந்தப் பாதை என்று கண்டுபிடிக்கலாம். எல்லா ஃபியூஸும் எடுத்த பிறகும் மீட்டர் இறங்கவில்லையா? டைனமோ கட்-அவுட் (இன்ஜின் நின்றதும் டைனமோவைப் பேட்டரியிலிருந்து பிரிக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஆல்டர்னேட்டரின் டயோடு கசியலாம். மீட்டர் நடுவில் இருக்கும்போது செல்ஃப் போட்டால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸுக்கு இறுதிச் சடங்குதான்.

பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும்

இரண்டும் சேர்ந்து அதிகமாகக் காட்டினால் டேங்கைத் திறக்காதீர்கள். 1960களின் பல பிரிட்டிஷ் கார்களில் டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகரப் பெட்டி இருக்கும், வோல்டேஜ் ஸ்டெபிலைசர். உள்ளே சூடேறி வளையும் ஒரு தகடு மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டி, சராசரியாக 10 வோல்ட்டை இரண்டு முள்ளுக்கும் கொடுக்கிறது. தகடு சூடாக அதற்கும் எர்த் வேண்டும். புது பெயிண்ட் அடித்த பாடியில் அந்தப் பெட்டியை முடுக்கினால் எர்த் இல்லை, உள்ளே இருக்கும் தகடு வளையாது, 12 வோல்ட்டும் அப்படியே முள்ளுக்குப் போகிறது. ஒரு முள் மட்டும் தப்பு என்றால் அந்த முள்ளையோ அதன் சென்சாரையோ பாருங்கள்.

இண்டிகேட்டர் அடிக்காமல் அப்படியே நின்று எரிந்தால், பல்பின் வாட் சரியா என்று பாருங்கள். பழைய ஃபிளாஷர் பல்புகள் இழுக்கும் ஆம்பியரை நம்பித்தான் துடிக்கிறது. எல்.இ.டி. போட்டால் அதற்கு வேலை செய்யவே தோன்றாது.

ஹார்னஸை மாற்றுவதா, ஒட்டுவதா

வயரை லேசாக மடக்கிப் பாருங்கள். ரப்பரும் துணியும் சுற்றிய பழைய வயர் பொடியாக உதிர்ந்தால் விவாதமே வேண்டாம், மாற்றுங்கள். பி.வி.சி. உறை மெத்தென்று இருந்தால், நுனியில் ஒரு அங்குலம் உரித்து செம்பைப் பாருங்கள். பளபளத்தால் புது முனை போட்டு இன்னும் பல வருடம் ஓட்டலாம். கறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் உரித்துப் பாருங்கள், உள்ளே போகப் போகக் கறுப்பாகவே இருந்தால் அந்த வயருக்கு ஆயுள் முடிந்தது.

புது வயர் போடும்போது அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். 0.30 மி.மீ. இழைகள் 14 கொண்ட 1 சதுர மி.மீ. வயர் சுமார் 8.75 ஆம்பியர் தாங்கும், பார்க்கிங் விளக்குக்குப் போதும். 28 இழை கொண்ட 2 சதுர மி.மீ. வயர் 17.5 தாங்கும், ஹெட்லைட்டுக்கு அது. சார்ஜிங் வயருக்கு இவற்றைவிடத் தடிமனாக, உங்கள் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரின் ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள்.

முனைகளை நல்ல கிரிம்ப் கருவியால் நசுக்குங்கள். ஈயம் வைத்தால் அது இழைகளுக்குள் ஊறி வயரை ஒரு குச்சியாக்கிவிடும், அதிர்வில் அந்தக் குச்சி முடியும் இடத்தில் வயர் ஒடியும். புல்லட் முனைக்கு மட்டும் சிலர் ஈயம்தான் சரி என்பார்கள். வைப்பதானால் வயர் ஆடாதபடி பக்கத்திலேயே ஒரு கட்டுப் போடுங்கள்.

கடைசியாக, சிவப்புப் பேனாவால் திருத்திய அந்த வரைபடம். நீங்கள் சேர்த்த ரிலே, ஃபியூஸ், புது எர்த் புள்ளி எல்லாவற்றையும் அதில் குறித்து, மடித்து, கையுறைப் பெட்டிக்குள் வையுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா எர்த் நட்டையும் ஒரு தடவை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். பல் வாஷருக்கு அடியில் பெயிண்ட் விளிம்பு நசுங்கிச் சில நட்டுகள் கால் சுற்று தளர்ந்திருக்கும்.